நடுவில் இருந்தவள்

நூல் வியாபாரத்தில் பொய் சொல்ல இடம் நிறைய உண்டு. விலையில் சொல்லலாம், சரக்கு வந்த நாளில் சொல்லலாம், "உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன்" என்று யார் வந்தாலும் சொல்லலாம். நிறத்தில் மட்டும் சொல்ல முடியாது. வாங்கியவன் வாசலுக்குப் போய் வெயிலில் ஒருமுறை தூக்கிப் பிடிப்பான். அவ்வளவுதான், நம் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை காலை திரைச்சீலை தைப்பவரின் குரல் கடைக்குள் முதலில் நுழைந்தது. ஆள் பின்னால் வந்தார்.

"யோவ் நூலு! கண்ணு வேலை செய்யுதா, இல்ல அதையும் எவனுக்காவது தள்ளிவிட்டுட்டியா?"

கடைத்தெருவில் நூல்கடைக்காரரின் பெயர் அதுதான். நூலு. அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எழுந்தார். திரைச்சீலைக்காரர் மேசைமேல் ஒரு ஜோடியை விரித்தார். ஏதோ விடுதியின் பெரிய ஜன்னலுக்குத் தைத்தது. தவிட்டு நிறத் துணி, தவிட்டு நிறத் தையல். இடப்பக்கத்தில் தையல் துணியோடு கலந்து, இருக்கிற இடம் தெரியாமல் இருந்தது. வலப்பக்கத்திலோ ஒரு செம்மை ஏறி, ஒவ்வொரு தையலும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

"ரெண்டு நூல்கோனும் ஒரே நாள்ல, ஒரே பெட்டியில இருந்து, உன் கையால எடுத்துக் குடுத்தது. இல்லைன்னு சொல்லு பாப்போம்."

நூல்கடைக்காரர் துணியை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தார்.

"என்னய்யா, பேச மாட்டேங்கறே? சண்டை போடணும்னு வந்திருக்கேன்."

"பிரிச்சுத் தைக்க நூல் நான் தரேன்."

"நூல் நீ தருவே, விரல் யார் தருவா?"

"கூலியும் நானே தரேன்."

திரைச்சீலைக்காரருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வழிநெடுக வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்த வசவுகளை எல்லாம் அப்படியே திருப்பி எடுத்துப்போக வேண்டியதாயிற்று. படியிறங்கும்போது பக்கத்துக் கடையில் தலையை நீட்டி, "உடம்பு கிடம்பு சரியில்லையா இவனுக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பக்கத்துக் கடை பொத்தான் கடை. இரண்டுக்கும் நடுவே மார்பளவுப் பலகைத் தடுப்பு ஒன்றுதான். பொத்தான்காரர் அதன்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டால், இந்தக் கடை வியாபாரம் பாதி அவர் வாய் வழியாகத்தான் நடக்கும். இன்று முழங்கைகள் தடுப்பின்மேல் ஏறவில்லை. மழை தொடங்கிய சமயத்தில் நூலுவின் மனைவி இறந்துபோனதிலிருந்து நூலு யாரோடும் பேரம் பேசுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். சொன்ன விலைக்குக் கொடுக்கிறார், கேட்ட விலைக்கு வாங்குகிறார். வியாபாரியின் உடம்பில் இதைவிடப் பெரிய காய்ச்சல் கிடையாது.

மாடியில் டேப் கிழிக்கிற சத்தம் கேட்டது. மனைவியின் மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

மனைவியின் மகள் என்றால் அவருடைய மகள் அல்ல. மனைவிக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் புருஷனை விட்டுப் பிரிந்து, பதினோரு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த மாடிக்கு வந்தவள். "அந்த மனுஷன் உனக்கு என்ன முறை ஆகணும்?" என்று பொத்தான்காரர் அப்போது தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "அக்காளைக் கட்டினவனும் தங்கச்சியைக் கட்டினவனும் சகலை. ஒரே பொம்பளையை முன்ன பின்ன கட்டினவங்களை என்ன சொல்றது? காலவரிசைச் சகலைன்னு வெச்சுக்கலாம்." கடைத்தெரு ரொம்ப நாள் இதைச் சொல்லிச் சிரித்தது.

அந்தப் பெண் வந்த நாளிலிருந்து நூல்கடைக்காரரை எதுவும் கூப்பிட்டதில்லை. அப்பா என்று ஒருவர் வேறு ஊரில் மீசையோடு நடமாடிக்கொண்டிருந்தார். சித்தப்பா என்றால் அந்த மீசைக்குத் தம்பியாகிவிடும். அது இவருக்கும் பிடிக்காது, மீசைக்கும் பிடிக்காது. மாமா என்பதைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர், உதிரிப் பொத்தான்களை ஒரு ஜாடி நிறையக் கொடுத்து முதல் வாரத்திலேயே வாங்கிப் போட்டுவிட்டார். ஆகவே இவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. ஏதாவது வேண்டுமானால் பக்கத்தில் வந்து நிற்பாள். அவர் நிமிர்வார். சொல்வாள். தூரத்தில் இருந்தால் கதவில் விரலால் தட்டுவாள்.

இரண்டு பேரும் பேசியதெல்லாம் நடுவில் இருந்தவள் வழியாகத்தான். "அம்மா, ரேடியோவைக் குறைக்கச் சொல்லும்மா." "அவளுக்குப் பாடம் படிக்கணுமாம், கொஞ்சம் குறைங்க." "குறைச்சாச்சுன்னு சொல்லு." வாங்குபவனும் விற்பவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஆயுசு முழுக்க வியாபாரம் பண்ணலாம், நடுவில் ஒரு நல்ல தரகர் அமைந்தால் போதும். அந்த வீட்டுக்கு அமைந்திருந்தாள்.

இப்போது தரகர் இல்லை. பெண்ணுக்கு அவள் அப்பா இருக்கிற ஊரிலேயே கல்லூரியில் கணிதம் சொல்லித்தர வேலை கிடைத்திருந்தது. தன் சாமான்களையும் அம்மாவின் சாமான்களையும் எடுத்துப்போக வந்திருந்தாள். ஞாயிறு மதியம் பஸ். அவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதற்கப்புறம் இந்த வீட்டுப் படி ஏறுவாயா, மாட்டாயா? அம்மா இல்லாத வீட்டுக்கு வர அவளுக்கு ஒரு காரணமும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். வாயில் வந்து வந்து போயிற்று. முதலில் விலையைச் சொல்பவன் ஏமாந்தான் என்று அடித்துச் சொல்லி வளர்க்கப்பட்டவர் அவர். அவளும் அதே கடையின் மாடியில் வளர்ந்தவள்தான்.

மதியம் சாப்பாட்டுக் கடை அடங்கியதும் தவிட்டு நிறப் பெட்டியை மேசையில் கவிழ்த்தார். ஒவ்வொரு கோனாக எடுத்து, அதைப் போலவே இருக்கிற இன்னொன்றின் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே போனார். வரிசை மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போயிற்று. பக்கத்துப் பக்கத்துக் கோன்களில் துளி வித்தியாசம் கிடையாது. ஆனால் இந்த முனை காய்ந்த தவிடு, அந்த முனை செங்கல் தூள்.

பெட்டி கட்டச் சணல் கேட்க இறங்கி வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இதுல எது தவிட்டு நிறம்?"

"எல்லாமே."

"முதல்ல இருக்கிறதும் கடைசியில இருக்கிறதும்?"

அவர் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புதுசா கோன் வந்தா எந்தப் பெட்டியில போடறதுன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"பெட்டியில மிச்சம் இருக்கிற கோனோட வெச்சுப் பாப்பேன். ஒண்ணா இருந்தா உள்ள."

"அந்த மிச்சம், அதுக்கு முந்தின மிச்சத்தோட வெச்சுப் பாத்தது."

"ஆமா."

"அது அதுக்கும் முந்தினதோட."

"ஆமா. இது என்ன, போலீஸ் விசாரணையா?"

அவள் சிரித்தாள். அவரைப் பார்த்து நேராக அவள் சிரித்தது அவருக்குப் புதிதாக இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நூலைப் பார்த்தார்.

"என் பாடத்துல இதுக்கு ஒரு பேரு இருக்கு," என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சமானத் தொடர்பு. எதையாவது பெட்டி பெட்டியா பிரிக்கணும்னா, 'இது அதோட சேரும்'னு நாம சொல்றதுக்கு மூணு குணம் இருக்கணும். முதல் குணம், எதுவுமே தன்னோட தான் சேரணும்."

தடுப்பின்மேல் இரண்டு முழங்கைகள் வந்து உட்கார்ந்தன. "இதைச் சொல்லவா உனக்குச் சம்பளம் தரான்? தன்னோட தான் சேராதவன் உலகத்துல எவன்?"

"இருக்காங்க, மாமா. 'இன்னாரை மதிக்கிறார்'னு ஒரு தொடர்பை எடுத்துக்கோங்க. தன்னையே மதிக்காதவன் இருப்பான் இல்லையா?"

"இருக்கான். என் மச்சினன்."

"ரெண்டாவது, இது அதோட சேர்ந்தா, அதுவும் இதோட சேரணும்."

"அங்கதான் உதைக்குது, பாப்பா. இந்த நூலு எனக்கு உயிர் நண்பன். நான் அவனுக்கு யாருன்னு கேளு."

"பக்கத்துக் கடை," என்றார் நூல்கடைக்காரர்.

"கேட்டியா! ரெண்டாவது போச்சு."

"மூணாவதுதான் முக்கியம். இது அதோட சேரும், அது இன்னொண்ணோட சேரும்னா, முதலாவதும் மூணாவதும் நேராவே சேரணும். நீங்க சொன்ன பக்கத்துக் கடையையே வெச்சுக்கோங்க. உங்களுக்கு இவர் பக்கத்துக் கடை. இவருக்கு அந்தப் பக்கம் குடைக்கடை பக்கத்துக் கடை. உங்களுக்கும் குடைக்கடைக்கும்?"

"அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

"அவ்வளவுதான். பக்கத்துக் கடைங்கறதை வெச்சுப் பெட்டி போட முடியாது. போட்டா குடைக்காரரும் நீங்களும் ஒரே பெட்டியில முட்டிக்குவீங்க. மூணு குணமும் இருந்தாத்தான் ஒவ்வொண்ணும் ஒரே ஒரு பெட்டியில அடங்கும். ரெண்டு பெட்டிக்கு எதுவும் உரிமை கொண்டாடாது, எதுவும் தெருவுல நிக்காது. கண்ணை மூடிட்டு எதை எடுத்தாலும் எதுக்குப் பதிலாவும் குடுக்கலாம்." வரிசையின் நடுவில் ஒரு கோனைத் தட்டினாள். "இங்க பெட்டி போட்டது 'கண்ணுக்கு ஒண்ணா தெரியுது'ங்கறதை நம்பி. ரொம்பச் சின்ன வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத வித்தியாசங்க எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, கடைசியில செங்கல் கலர்ல வந்து நிக்குது."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"கண்ணு மேல தப்பே இல்ல. அதுகிட்ட கேட்ட கேள்வி தப்பு."

பொத்தான்காரரை யாரோ கூப்பிட்டார்கள். "சட்டைக்கு நாலு கண் பொத்தானாம், இதுக்கும் மூணு குணம் பாக்கணுமான்னு கேட்டுட்டு வரேன்," என்று போனார்.

அவள் ஒரு கோனைக் கவிழ்த்து உள்ளே பார்த்தாள். ஆலையில் ஒட்டின சின்னச் சீட்டில் சாயத்தொட்டியின் லாட் நம்பர் இருந்தது. ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் முக்கி எடுத்ததற்கு ஒரே நம்பர். "இதை வெச்சுப் பிரிக்கலாமே. ஒரே லாட்ங்கறது மூணு பரீட்சையிலயும் பாஸ்."

நம்பரைப் பார்த்து நிறம் பிரிப்பதா என்று அவருக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. குருடனைப் பெண் பார்க்க அனுப்பின மாதிரி. ஆனாலும் இருவரும் உட்கார்ந்து பிரித்தார்கள். அவள் நம்பரைச் சொல்வாள், அவர் எடுத்து வைப்பார். ஒரு பெட்டியாக இருந்தது பல குவியல்களாயிற்று. சில குவியலில் கை நிறையக் கோன்கள். ஒன்றிரண்டு நம்பருக்குத் துணையே இல்லை.

"ஒத்தைக் கோனுக்கு ஒரு பெட்டியா?" என்றார்.

"ஆமா. அதுவும் ஒரு முழு வகுப்புதான். தன்னோட தான் சேருது இல்ல, அது போதும். கணக்குல அதுக்கு ஒரு குறையும் கிடையாது."

"கணக்குல," என்றார் அவர். அந்தக் கோனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, வியாபாரத்தில் நூல் விட்டுப் பார்க்கிற குரலில் கேட்டார். "ஒரே வீட்டுல குடியிருக்கிறதுன்னு ஒண்ணு இருக்கே. அது பாஸா?"

"தாராளமா. மூணும் பாஸ்."

"நாளைக்கு?"

"நாளைக்கு நீங்க ஒரு பெட்டி, நான் ஒரு பெட்டி." பாடம் நடத்துகிற வேகத்தில் வாய் தவறி வந்துவிட்டது. சணல் உருண்டையை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள். முடிச்சே இல்லாத இடத்தில் முடிச்சைத் தேடினாள்.

அவர் மூன்று கோன்களை எடுத்து வரிசையாக வைத்தார். "இது அதோட சேருது. அது இன்னொண்ணோட சேருது. நடுவுல இருந்தது போயிடுச்சு. மிச்சம் ரெண்டும் என்ன ஆகும்?"

அவர் நடுக் கோனை எடுத்து மேசைக்குக் கீழே வைத்துவிட்டார்.

"உண்மையான சமானமா இருந்தா, ஒண்ணும் ஆகாது," என்றாள். "ரெண்டுக்கும் நேராவே தொடர்பு இருக்கு. நடுவுல இருந்தது அதைக் காட்டிக் குடுத்துது, அவ்வளவுதான்."

"கண்ணுக்கு ஒண்ணா தெரிஞ்சதா இருந்தா?"

"அப்போ நடுவுல இருந்ததுதான் ரெண்டையும் சேத்து வெச்சிருக்கும். நேரா பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"பாக்காம விட்டா நல்லதோ?"

"எதுக்கு, வியாபாரத்துக்கா கணக்குக்கா?"

அவர் பதில் சொல்வதற்குள் ஊசி கேட்டு ஒருத்தி வந்தாள். பெரிய நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். சில்லறையைத் திருப்பித் தர அவர் மறந்துபோய், பின்னாலேயே ஓடினார்.

மாலையில் அவளே சமைத்தாள். மூன்று நாற்காலி, இரண்டு தட்டு. மெல்லுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு வீடு அமைதியாக இருந்தது. பல வருஷங்களாக இந்த மேசையில் யாருக்கு என்ன வேண்டுமோ அதை நடுவில் இருந்தவளே இரண்டு பக்கமும் நகர்த்தி வைப்பாள்; இப்போது தண்ணீர்ச் செம்பு இருவர் கைக்கும் எட்டாமல் நடுவில் நின்றது. இருவருமே அதைக் கேட்காமல் சாப்பிட்டு முடித்தார்கள்.

"உப்பு சரியா இருக்கு," என்றார் எழுந்துபோகும்போது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், துண்டில் சுற்றின ஒன்றை எடுத்து வந்தாள். பிரித்துக் காட்டினாள். பச்சைத் தொப்பி போட்ட மேசைவிளக்கு, கழுத்தை வளைக்கலாம்.

"இதையும் எடுத்துக்கறேன். நீங்க எனக்கு வாங்கிக் குடுத்தது."

விளக்கைப் பற்றி அவருக்கு நினைவிருந்தது இவ்வளவுதான்: ஒரு மாதம் மின்கட்டணம் ஏறியதும், எவள் இப்படி எரியவிடுகிறாள் என்று மனைவியிடம் கத்தினார். வாங்கிய நினைவு சுத்தமாக இல்லை. விற்கத் தெரிந்தவனுக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் வாழ்க்கையில் ஒருதரம் வரும். சரக்கு நம்முடையதல்ல, ஆனால் வாங்குபவளே வந்து உன்னுடையதுதானே என்கிறாள். பேச வேண்டாம், பொய்கூட வேண்டாம், தலையை லேசாக ஆட்டினால் போதும். வேறு ஊரில், வேறு அறையில், அந்த விளக்கு அவர் பேரைச் சொல்லி எரிந்துகொண்டிருக்கும். லீவு வந்தால் அவள் காலை இந்தப் பக்கம் திருப்பவும் திருப்பும்.

"நான் வாங்கல," என்றார்.

"அம்மா சொன்னா... நான் மங்கல் வெளிச்சத்துல படிக்கிறதைப் பாத்து நீங்க தாங்க மாட்டாம அன்னைக்கே போய் வாங்கிட்டு வந்தீங்கன்னு."

"நீ எந்த மூலையில உக்காந்து படிச்சேன்னுகூட எனக்குத் தெரியாது."

அவள் விளக்கை மேசைமேல் வைத்தாள். அவர் தம் கண்ணாடியைக் கழற்றினார். இனிமேல் நிறுத்த முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

"அப்போ இது? நான் ஊசி கோக்கக் கஷ்டப்படறதைப் பாத்து, உன் ஸ்காலர்ஷிப் பணத்துல நீ வாங்கச் சொன்னது."

"எனக்கு ஸ்காலர்ஷிப்பே கிடையாது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"படிக்கப் போன ஊர்ல இருந்து போன் பண்ணும்போதெல்லாம் என் முழங்கால் எப்படி இருக்குன்னு கேப்பியாமே."

"உங்களுக்கு முழங்கால் வலியா?"

"சரிதான்."

"நான் யூனிவர்சிட்டியில முதலா வந்தப்போ நீங்க கடைத்தெரு பூரா சொல்லிட்டு வந்தீங்கன்னு..."

"நீ முதலா வந்தியா?"

அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவருக்கும். "ரெண்டு பக்கமும் கள்ளச்சரக்கு ஓட்டியிருக்கா," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கே, இந்த நூலுக்கே, காதுல பூ வெச்சிருக்கா." "எனக்கும்தான்," என்றாள் அவள். "நான் சாமர்த்தியசாலின்னு நினைச்சுட்டு இருந்தேன்." பொத்தான்காரர் இருந்திருந்தால் தடுப்பையே பெயர்த்திருப்பார்.

சிரிப்பு நின்றபோது வீடு முன்னைவிடப் பெரியதாகிவிட்டிருந்தது. இத்தனை வருஷமும் தம் முழங்காலைப் பற்றி விசாரிக்க வெளியூரில் ஒரு பெண் இருக்கிறாள் என்று நினைத்துப் படியேறியிருக்கிறார். மழை நாளில் வலித்தால்கூட அதில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அந்தப் பெண் இப்போது இல்லை. நிஜப் பெண் பஸ் ஏறுவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவளும் எதையோ அப்படித்தான் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அதை அவள் முகத்தில் பார்க்க முடிந்தது.

"சொல்லாம இருந்திருக்கலாமே நீங்க."

"இருந்திருக்கலாம்."

"ஏன் சொன்னீங்க?"

"நேரா வெச்சுப் பாக்கணும்னு நீதானே சொன்னே."

"நான் நூலைச் சொன்னேன்."

"நான் நூல்காரன்தானே."

அவள் விளக்கை மறுபடியும் துண்டில் சுற்றினாள். "அம்மா வாங்கினதுதான். எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு மூடியிருந்தது. பெட்டிகளை இறக்கவும் ஏற்றவும் வேண்டியிருந்ததால் பேச்சுக்கு அவசியம் வரவில்லை. பஸ் நிலையத்தில் பெட்டிகளை எல்லாம் பஸ்ஸின் வயிற்றுக்குள் தள்ளி முடித்த பிறகுதான் கைகள் சும்மா ஆயின. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் கீழே நின்றார். பக்கத்து ஜன்னலில் ஒரு குடும்பமே தொங்கிக்கொண்டு, இறங்கினதும் போன் பண்ணு, மாத்திரை போட்டுக்கோ, தலையை வெளியே நீட்டாதே என்று கத்திக்கொண்டிருந்தது.

"லீவு விட்டா இங்க வருவியா?" என்று கேட்டுவிட்டார்.

"இது அம்மா கேக்கச் சொன்னதா?" சொன்ன மாத்திரத்தில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இல்ல. நான் கேக்கறேன்."

"வந்து நாம ரெண்டு பேரும் என்ன பண்றது?"

அதற்கு அவரிடம் சரக்கு இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. "தெரியல. சாப்பிடலாம்," என்றார்.

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "இப்போ கேட்டா, வரலைன்னுதான் சொல்வேன்."

"சரி."

"கோவிச்சுக்காதீங்க. அந்த வீட்டுல எனக்குன்னு என்ன இருந்துச்சு, அம்மா உண்டாக்கினது என்னன்னு இன்னும் பிரிச்சுப் பாக்கல."

"எனக்கும் அதே வேலைதான் இருக்கு."

"லீவு வரும்போது கேளுங்க."

"அப்போ வருவியா?"

"அப்போ கேட்டாத்தான் எனக்கே தெரியும்."

டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். நூல்கடைக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார், பிறகு திரும்ப முன்னால் வந்தார்.

"எப்படிக் கேக்கறது? உன் நம்பர் என்கிட்ட இல்லையே."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். பிறகு புரிந்தது. அவள் பேசியதெல்லாம் அம்மாவின் போனில்தான். அது அடித்தால் அவர் எடுத்து, "உனக்குத்தான்" என்று கொடுத்துவிடுவார். "எனக்கும் உங்க நம்பர் தெரியாது," என்றாள் மெதுவாக. "கடை போர்டுல இருக்குமே, அது..."

"அந்த லைன் எப்பவோ போச்சு."

எஞ்சின் உறுமியது. அவள் ஜன்னலுக்கு வெளியே குனிந்து எண்களைச் சொன்னாள். பக்கத்துக் குடும்பத்தின் கூச்சலில் பாதி கேட்கவில்லை. இரண்டுதரம் சொல்ல வைத்தார். "கூப்பிடுங்க," என்றாள். அழுத்தினார். அவள் மடியில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "வந்துடுச்சு."

எந்தப் பெயரில் பதிய வேண்டும் என்று போன் கேட்டது. அவர் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்து பார்த்தபோது அவளும் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரலும் அசையவில்லை. பஸ் அப்படியே வளைந்து போய்விட்டது.

வீட்டுக்கு நடந்து வந்தார். மாடியில் பெட்டிகள் இருந்த இடம் தரையில் தூசி இல்லாமல் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. ரேடியோவைப் போட்டார். குறைக்கச் சொல்ல யாருமில்லாததால் எவ்வளவு சத்தத்தில் வைப்பது என்று தெரியவில்லை, அணைத்துவிட்டார். செம்பைத் தம் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். முழங்கால் வலித்தது, வெறும் வலியாக.

திங்கட்கிழமை கடை திறந்ததும் பலகைத் தடுப்பின்மேல் முழங்கைகள் வந்தன.

"பாப்பா போயாச்சா?"

"போயாச்சு."

"திரும்ப வருவாளா?"

"கேக்கணும்."

"யாரு கேக்கறது? உங்களுக்குத்தான் நடுவுல ஆள் இல்லையே. நான் வேணா பேசிப் பாக்கட்டுமா? ஒரு வார்த்தை போட்டா..."

"நீ சும்மா இரு," என்றார் நூல்கடைக்காரர். "நான் கேட்டுக்கறேன்."